உலுரு: சொன்ன கதையும் சொல்லாத கதையும்

போன ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு உலுரு போய் வந்தோம். ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், செம்மண் பாலைவனத்தில் தனியாக நிற்கிற அந்தப் பெரிய சிவப்புப் பாறைதான். "ஏர்ஸ் ராக்" என்றால் இன்னும் நிறைய பேருக்குப் புரியும். திரும்பி வந்ததிலிருந்து எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "மேல ஏறினீங்களா?"

இல்லை. ஏற முடியாது. 2019 அக்டோபர் 26 முதல் பாறைமேல் ஏறுவது சட்டப்படி தடை. "அப்போ அவ்வளவு தூரம் போய் என்னத்த பார்த்தீங்க?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு நின்ற இடத்தில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கே போனாலும் முன்கூட்டியே படித்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போவது என் பழக்கம். இந்த முறை உலுருவைச் சுற்றியுள்ள இடங்களின் கதைகளை ஒவ்வொன்றாகச் சேகரித்து ஒரு தொடர் எழுதலாம் என்று திட்டம். நோட்டில் பாதிதான் நிரம்பியது. மீதி ஏன் நிரம்பவில்லை என்பதுதான், யோசித்துப் பார்த்தால், நான் அங்கே கற்றுக்கொண்ட விஷயம்.

எங்கே இருக்கிறது, எப்படிப் போவது

பக்கத்து ஊர் என்று சொல்லக்கூடிய ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சாலை வழியே சுமார் 450 கிலோமீட்டர். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே 200 கிலோமீட்டர் வந்து, எர்ல்டுண்டா என்ற இடத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, மேற்கே லாசெட்டர் நெடுஞ்சாலையில் திரும்ப வேண்டும். அங்கிருந்து இன்னும் சுமார் 250 கிலோமீட்டர். இடையில் ஊர் என்று எதுவும் கிடையாது. விமானத்தில் நேராக யுலாரா விமான நிலையத்தில் போய் இறங்கவும் செய்யலாம். ஆனால் காரில் போனால்தான் தூரம் என்றால் என்னவென்று உடம்புக்குத் தெரிகிறது.

வழியில் இடது பக்கம் மேசை மாதிரித் தட்டையான ஒரு மலை தெரியும். "உலுரு வந்துடுச்சு!" என்று என் மகள் கத்தினாள். நானும் வண்டியை ஓரம் கட்டி இரண்டு படம் எடுத்துவிட்டேன். அது உலுரு இல்லை. அட்டிலா என்கிற மவுண்ட் கானர். முதல் தடவை வருகிறவர்களில் பலர் ஏமாறுகிற இடமாம் அது. உண்மையான உலுரு இன்னும் நூறு கிலோமீட்டர் தள்ளி.

நம் எழுத்தில் எழுதக்கூடிய பெயர்

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நிலத்துக்கு உரியவர்கள் பிட்ஜன்ஜாஜரா, யங்குன்ஜாஜரா என்ற மொழிகளைப் பேசுகிறவர்கள். தங்களை அவர்கள் சொல்லிக்கொள்ளும் சொல்லில் வரும் 'ன' ஒலி, நாக்கை மடித்துச் சொல்லும் நம் 'ண'. ஆகவே நம் எழுத்தில் அது கிட்டத்தட்ட "அணங்கு" என்று வரும். பொருள், "மனிதர்கள்". உலுரு என்பதன் கடைசி எழுத்தும் சாதாரண 'ர' இல்லை; நம் 'ழ'வுக்கு மிக நெருக்கமான ஒலி. அதாவது சரியாகச் சொன்னால் "உலுழு". ஆங்கிலத்தில் இந்த ஒலிகளுக்கு எழுத்து இல்லாததால் எழுத்தின் அடியில் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். ட, ண, ள, ழ நான்குமே நம்மிடம் தயாராக இருக்கின்றன. (பழக்கத்தை மாற்றாமல் இந்தக் குறிப்பில் உலுரு என்றே எழுதுகிறேன்.)

உடனே சிலருக்குக் கை துறுதுறுக்கும் என்று தெரியும். "அணங்கு என்பது தமிழ்ச் சொல்லாயிற்றே, அப்படியானால்..." என்று. எனக்கும் துறுதுறுத்தது. கால்டுவெல் காலத்திலேயே திராவிட மொழிகளையும் ஆஸ்திரேலிய மொழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பின்வந்த மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. நாமடி ஒலிகள் ஆஸ்திரேலிய மொழிகளில் பெரும்பாலானவற்றில் உண்டு. ஒலி ஒத்துப்போவது வேறு, உறவு வேறு. ஒருவருடைய ஊருக்கு விருந்தாளியாகப் போய், "இது எங்க சித்தப்பா வீடு" என்று சொல்லத் தொடங்கக் கூடாது. பெயரைச் சரியாக உச்சரிக்க நம்மால் முடிகிறது, அதுவே போதும்.

ஏர்ஸ் ராக் என்ற பெயர் 1873இல் வந்தது. வில்லியம் காஸ் என்ற நில அளவையாளர் இதைக் கண்டு, அப்போது தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமைச் செயலராக இருந்த ஹென்றி ஏர்ஸின் பெயரை வைத்தார். 1993இல் இரண்டு பெயர்களும் சேர்ந்து அதிகாரப்பூர்வமாயின. 2002இல் வரிசை மாறி, உலுரு முன்னால் வந்தது.

பாறை எப்படி வந்தது

உலுரு சுற்றியுள்ள தரையிலிருந்து 348 மீட்டர் உயரம். அடிவாரச் சுற்றளவு சுமார் 9.4 கிலோமீட்டர். பாலைவனத்தில் யாரோ கொண்டுவந்து வைத்த ஒற்றைக் கல் மாதிரித்தான் தோன்றும். உண்மையில் அது மண்ணுக்கடியில் ஆழமாகப் போகும் ஒரு பாறைப் படிவத்தின் வெளியே தெரியும் நுனி.

கதை சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. அப்போது இங்கே தாவரம் எதுவும் இல்லாத மொட்டை மலைகள் இருந்தன. மழை பெய்யும்போதெல்லாம் அவை அரிபட்டு, மணலும் கல்லும் அடிவாரத்தில் விசிறி விசிறியாக வந்து படிந்தன. உலுரு ஆர்கோஸ் என்ற வகை மணற்கல். அதில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் நிறைய இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் சிதையக்கூடியது அது. அது சிதையாமல் இன்னும் இருக்கிறது என்றால், மணல் நெடுந்தூரம் உருண்டு வரவில்லை, வந்த வேகத்தில் புதைந்துவிட்டது என்று அர்த்தம்.

அதன்பின் கடல் வந்து மூடியது. அதன் பாரத்தில் மணல் கல்லானது. பிறகு சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் மடங்கியபோது, படுத்திருந்த அடுக்குகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக எழுந்து நின்றன. மேசைமேல் படுக்கையாக அடுக்கிய புத்தகங்களை அலமாரியில் நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. உலுருவின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் வரிகள் அந்தப் புத்தகங்களின் முதுகுகள்தான்.

அப்புறம் அந்தச் சிவப்பு. அது துரு. பாறைக்குள் இருக்கும் இரும்பு காற்றுபட்டுத் துருப்பிடித்த நிறம். உள்ளே பாறையின் சொந்த நிறம் சாம்பல். குகைகளின் உட்புறத்தில் அதைப் பார்க்கலாம்.

மேற்கே சாலை வழியே சுமார் 50 கிலோமீட்டரில் கட்டா ஜூட்டா. "பல தலைகள்" என்று பொருள். 36 குவிமாடங்கள். உயரமானது உலுருவைவிட 200 மீட்டர் அளவுக்கு உயரம். அதே காலத்துப் படிவம்தான், ஆனால் மணலுக்குப் பதில் உருண்டைக் கற்கள் சேர்ந்து இறுகிய பாறை. கிட்டே போய்ப் பார்த்தால் கான்கிரீட் மாதிரி இருக்கிறது.

ஜுகுர்ப்பா: கனவு இல்லை, சட்டம்

இதுவரை சொன்னது புவியியல். அணங்கு மக்கள் சொல்வது வேறு. உலகம் உருவமற்று இருந்தபோது முன்னோர்கள், பாதி மனிதரும் பாதி விலங்குமாக, இந்த நிலத்தில் நடந்தார்கள், சண்டை போட்டார்கள், சமைத்தார்கள், தூங்கினார்கள். அவர்கள் செய்ததெல்லாம் மலையாகவும் குழியாகவும் சுனையாகவும் நிலைத்துவிட்டது. இதற்கு ஜுகுர்ப்பா என்று பெயர்.

ஆங்கிலத்தில் இதைக் "கனவுக் காலம்" என்று மொழிபெயர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அருகிலுள்ள அரெர்ன்ட்டே மக்களின் ஒரு சொல்லை ஸ்பென்சர், கில்லன் என்ற இருவர் அப்படிப் பெயர்த்ததிலிருந்து வந்த வழக்கம். ஆனால் இது கனவும் இல்லை, முடிந்துபோன காலமும் இல்லை. யார் யாரைக் கல்யாணம் செய்யலாம், எந்தச் சுனையில் எப்போது தண்ணீர் எடுக்கலாம், எந்த நிலத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. "சட்டம்" என்று சொன்னால்தான் ஓரளவு பக்கத்தில் வரும். பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் அந்தச் சட்டப் புத்தகத்தின் ஒரு வரி.

பார்வையாளர்களுக்கு அவர்களே சொல்லும் கதை ஒன்றை இங்கே சொல்லலாம். முட்டிஜுலு சுனைக்குப் போகும் வழியில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

குனியா என்ற மலைப்பாம்புப் பெண் தன் முட்டைகளைச் சுமந்துகொண்டு கிழக்கிலிருந்து உலுருவுக்கு வந்தாள். அவளுடைய மருமகன் முறைப் பையன் வேறோர் இடத்தில் சட்டத்தை மீறியிருந்தான். அவனைத் தண்டிக்க லிரு என்ற விஷப் பாம்பு வீரர்கள் துரத்திவந்து ஈட்டி எறிந்தார்கள். அவன் செத்துப்போனான். ஈட்டி பட்ட குழிகள் பாறையில் இருக்கின்றன. செய்தி கேட்டு ஓடி வந்தாள் குனியா. அங்கே நின்ற லிரு வீரன் அவள் துக்கத்தைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்குக் கோபம் பொங்கியது. ஆனால் உடனே அடிக்கவில்லை. முதலில் கைநிறைய மண்ணை அள்ளிக் கீழே உதிரவிட்டாள். தன் கோபத்தின் வேகம் சம்பந்தமில்லாதவர்களைத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக. அதன்பிறகும் அவன் அசையவில்லை. கிழங்கு தோண்டும் தடியால் ஒரு அடி. இரண்டாவது அடியில் அவன் செத்தான். அந்த இரண்டு அடியும் பாறையில் இரண்டு வெடிப்புகளாக இன்றும் தெரிகின்றன. ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

கோபத்துக்கு நடுவில் அந்த ஒரு கைப்பிடி மண், என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது.

என் மகள் வெடிப்புகளை எண்ணிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஏன்ப்பா, அந்த முட்டையெல்லாம் என்ன ஆச்சு? அந்தப் பையன் என்ன தப்பு பண்ணினான்?"

நல்ல கேள்விதான். பலகையில் பதில் இல்லை. பக்கத்தில் இருந்த பூங்காக் காவலரிடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: இங்கே எழுதியிருப்பது அணங்குக் குழந்தைகளுக்கு முதலில் சொல்லும் அளவு. குழந்தை வளர வளர, பொறுப்பு கூடக் கூட, கதையும் வளரும். பெரியவர்களுக்குத் தெரிந்த கதை வேறு. பெண்களுக்கு மட்டும் உரியது ஒன்று, ஆண்களுக்கு மட்டும் உரியது ஒன்று.

"அப்போ அப்பாவும் என் கிளாஸ்தானா?" என்றாள் மகள். ஆமாம். ஐம்பது வயதில், ஒரு அலமாரி நிறையப் புத்தகம் படித்துவிட்டு, நானும் ஒன்றாம் வகுப்புதான்.

விலைக்குக் கிடைக்கும் புத்தகம்

இந்த இடத்தில் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். சார்ல்ஸ் மவுண்ட்ஃபோர்டு என்ற ஆய்வாளர் 1940இல் இந்தப் பகுதியில் பயணம் செய்தார். பெரியவர்கள் அவரை நம்பி, சடங்கு முடித்த ஆண்களுக்கு மட்டும் உரிய விஷயங்களைச் சொன்னார்கள், காட்டினார்கள். படமும் எடுத்துக்கொண்டார். 1976இல் அதையெல்லாம் சேர்த்துப் பெரிய புத்தகமாக வெளியிட்டார். அது கடைகளுக்கு வந்தது. பெண்களும் சடங்கு முடிக்காத பையன்களும் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம் என்ற நிலை.

பிட்ஜன்ஜாஜரா கவுன்சிலைச் சேர்ந்தவர்கள் வட பிராந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். நம்பிக்கையின் பேரில் சொன்ன ரகசியத்தை வெளியிடுவது தவறு என்பது வாதம். நீதிமன்றம் அங்கே அந்தப் புத்தகத்தை விற்கத் தடை விதித்தது. வியாபார ரகசியங்களைக் காக்கவே பெரிதும் பயன்பட்ட ஒரு சட்டக் கொள்கை, ஒரு சமூகத்தின் ரகசியத்தைக் காக்கப் பயன்பட்டது.

ஆய்வாளர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். எழுதாமல் விட்டால் அழிந்துவிடும் என்ற பயம் அந்தத் தலைமுறைக்கு உண்மையாகவே இருந்தது. நம்மில் பழைய பாட்டையோ ஏட்டையோ தேடி அலைகிற யாருக்கும் அந்தப் பதற்றம் புரியும். ஆனால் அணங்குச் சட்டப்படி, உரிமை இல்லாதவரிடம் போய்ச் சேர்ந்த அறிவு காப்பாற்றப்பட்ட அறிவு இல்லை. உரிய ஆள் உரிய வயதில் உரிய இடத்தில் நின்று கேட்டால்தான் அது அறிவு.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அதே 1976இல்தான் வட பிராந்தியத்துக்கான பூர்வகுடி நில உரிமைச் சட்டம் வந்தது. அதன்படி நிலம் கேட்பவர்கள், அந்த நிலத்தின் புனித இடங்களோடு தங்களுக்குள்ள உறவை நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிப்பது? கதையைச் சொல்லித்தான். சொன்னால் தங்கள் சட்டத்தை மீற வேண்டும், சொல்லாவிட்டால் நிலம் போய்விடும். சில சாட்சியங்களை ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் இருக்கும் அமர்வுகளில் கேட்க வேண்டியிருந்தது இதனால்தான்.

மவுண்ட்ஃபோர்டின் புத்தகம் இன்றும் பழைய புத்தக வியாபாரிகளிடம் தேடினால் கிடைக்கக்கூடியது. போவதற்கு முன் நான் அதை வாங்குவதாகத்தான் இருந்தேன்.

ஏற்றமும் இறக்கமும்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஏன் ஏறக் கூடாது?

மாலா என்பது ஒரு சின்ன வாலபி, கங்காருவின் சிறிய இனம். மாலா முன்னோர்கள் சடங்குக்காக உலுருவுக்கு வந்தபோது ஆண்கள் ஏறிய வழிதான் சுற்றுலாப் பயணிகள் ஏறிய வழி. இது ஒரு காரணம். இன்னொன்று எளிமையானது: வந்த விருந்தாளிக்கு ஏதாவது ஆனால் அது வீட்டுக்காரர் பொறுப்பு. அந்தச் சரிவில் 35 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். விழுந்தவர்களும் உண்டு, மாரடைப்பில் போனவர்களும் உண்டு. ஒவ்வொரு சாவுக்கும் அணங்கு மக்கள் துக்கம் காத்தார்கள். மேலே கழிப்பறை கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் எல்லாம் கீழே சுனைக்குத்தான் வரும். வரிசையாக ஏறுகிறவர்களை அவர்கள் "மிங்கா" என்றார்கள். எறும்புகள்.

கதை நீளம். 1958இல் இந்தப் பகுதியைப் பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலத்திலிருந்து வெட்டி எடுத்துப் பூங்காவாக்கினார்கள். 1964இல் ஏறுவதற்குப் பிடிமானமாகச் சங்கிலி அடித்தார்கள். நிலத்தைத் திரும்பக் கேட்டு அணங்கு மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 1983இல் பிரதமர் பாப் ஹாக் நிலத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார், ஏற்றத்தை நிறுத்துவதாகவும் அதில் ஒரு வாக்குறுதி. 1985 அக்டோபர் 26 அன்று ஆளுநர் ஜெனரல் நினியன் ஸ்டீஃபன் உரிமைப் பத்திரத்தை அவர்கள் கையில் கொடுத்தார். கொடுத்த சில நிமிடங்களில், 99 ஆண்டுக் குத்தகைக்குப் பூங்காவை அரசிடமே திருப்பிக் கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்தானது. ஏற்றத்தை நிறுத்தும் வாக்குறுதி அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது.

பிறகு என்ன செய்தார்கள்? வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். "இது எங்கள் வீடு, தயவுசெய்து ஏறாதீர்கள்" என்கிற பொருளில். தடை இல்லை, வேண்டுகோள். 1990களில் வந்தவர்களில் நாலில் மூன்று பேர் அந்தப் பலகையைத் தாண்டி ஏறினார்கள். மெல்ல மெல்ல அது குறைந்தது. ஏறுகிறவர்கள் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் வழியை மூடலாம் என்று 2010 மேலாண்மைத் திட்டம் சொன்னது. 2015 வாக்கில் 16 சதவீதம் ஆனது. 2017 நவம்பரில் அணங்குப் பெரும்பான்மை கொண்ட நிர்வாகக் குழு முடிவெடுத்தது. நிலம் திரும்பக் கிடைத்த அதே அக்டோபர் 26, 34 ஆண்டுகள் கழித்து, ஏற்றம் மூடிய நாளாயிற்று. முந்தின நாள் காலையில் நூற்றுக்கணக்கானோர் கடைசியாக ஏற வரிசையில் நின்றார்கள்.

34 ஆண்டுகள் ஒரு வேண்டுகோளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க எவ்வளவு பொறுமை வேண்டும்! எனக்குக் குனியாவின் கைப்பிடி மண் ஞாபகம் வந்தது.

சொன்ன விஷயத்தைக் கேட்டிருந்தால்

அவர்கள் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சொல்ல விரும்பிய விஷயங்களை நாம் கேட்காமல் விட்டதுதான் அதிகம்.

நெருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் புதர்க்காட்டைத் துண்டு துண்டாக எரிப்பது அவர்கள் வழக்கம். ஒரு துண்டு எரிந்திருக்கும், ஒன்று துளிர்த்திருக்கும், ஒன்று முற்றியிருக்கும். பெருந்தீ வந்தாலும் தாண்ட முடியாது. விலங்குகளுக்கும் ஒதுங்க இடம் இருக்கும். மக்கள் நிலத்தில் நடமாடுவது குறைந்து இது நின்றுபோனபின், 1976இல் பூங்காவின் பெரும்பகுதி காட்டுத்தீயில் எரிந்தது. அதற்கப்புறம்தான் அதிகாரிகள் பெரியவர்களிடம் போய்க் கேட்டு, துண்டு துண்டாக எரிப்பதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கதையில் வரும் அந்த மாலா வாலபியும் பூனை, நரி, காட்டுத்தீ எல்லாம் சேர்ந்து ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் காடுகளிலிருந்து 1990களின் தொடக்கத்தில் அழிந்தே போனது. வளர்ப்பில் மிஞ்சியவற்றின் வாரிசுகளை 2005இல் கொண்டுவந்து, பூங்காவுக்குள் வேலி போட்ட 170 ஹெக்டேரில் விட்டார்கள். கதையில் வந்தவர்கள் ஊர் திரும்பிய மாதிரி.

எல்லாம் சுபம் என்றும் சொல்ல மாட்டேன். பூங்காவுக்குள்ளேயே முட்டிஜுலு என்ற அணங்குக் குடியிருப்பு இருக்கிறது. பார்வையாளர்கள் உள்ளே போக அனுமதி இல்லை. சுற்றுலா ஊரான யுலாராவில் ஒரு இரவு அறை வாடகை நம் மாதச் செலவை அசைத்துப் பார்க்கும். கொஞ்ச தூரத்தில் இருக்கும் முட்டிஜுலுவில் வீட்டுவசதியும் உடல்நலமும் நெடுநாளாகவே மோசம். 2007இல் மத்திய அரசு வட பிராந்தியப் பூர்வகுடிக் குடியிருப்புகளில் அவசரத் தலையீடு என்று இறங்கியபோது, இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அதற்காக ஒதுக்கிவைத்தது. முதலில் போன இடங்களில் முட்டிஜுலுவும் ஒன்று. பாறையின் உரிமைப் பத்திரம் கையில் இருப்பதும், வாழ்க்கை கையில் இருப்பதும் ஒன்றல்ல.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஈ மொய்க்கும். தலைக்கு மேல் போடும் வலை வாங்கினால் வெட்கப்பட வேண்டாம், அங்கே எல்லாரும் அதே கோலத்தில்தான் இருக்கிறார்கள். அவரவருக்குத் தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிவாரத்தைச் சுற்றி நடக்க 10.6 கிலோமீட்டர். நிதானமாகப் போனால் மூன்றரை மணி நேரம். விடிந்ததும் தொடங்குங்கள். குழந்தைகள் இருந்தால் முட்டிஜுலு சுனை, கஞ்சு பள்ளத்தாக்கு இரண்டும் சின்ன நடை. குகை ஓவியங்களைத் தொடாதீர்கள். படம் எடுப்பாக வரட்டும் என்று அவற்றின்மேல் தண்ணீர் ஊற்றிய காலம் ஒன்று இருந்தது, அந்தச் சேதம் இன்னும் தெரிகிறது. கட்டா ஜூட்டாவின் காற்றுப் பள்ளத்தாக்கு நடை 7.4 கிலோமீட்டர், கரடுமுரடு. வெப்பம் 36 டிகிரியைத் தொடும் நாளில் பாதி வழியில் மூடிவிடுவார்கள்.

வடகிழக்குப் பக்கம் சில இடங்களில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருக்கும். கேமராவை உள்ளே வைத்துவிட்டு நடங்கள். ஒரு கல்லைக்கூட எடுத்துவராதீர்கள். அப்படி எடுத்துப் போனவர்கள் பல நாடுகளிலிருந்து, மன்னிப்புக் கடிதத்தோடு கல்லைத் தபாலில் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். "மன்னிப்புக் கற்கள்" என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது. எந்தக் கல் எந்த இடத்தது என்று தெரியாததால் திரும்ப வைக்கவும் முடிவதில்லையாம்.

நோட்டின் வெற்றுப் பக்கம்

கடைசி நாள் கட்டா ஜூட்டாவில் நின்றோம். அந்த இடத்தின் கதைகள் ஆண்களின் சட்டத்தைச் சேர்ந்தவை. பார்வையாளர்களுக்கு ஒன்றுமே சொல்வதில்லை. குழந்தைக் கதை அளவுகூட இல்லை. பலகைகளில் தூரம், வெப்பம், எச்சரிக்கை. அவ்வளவுதான்.

ஒருகாலத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும். அறிவு எல்லாருக்கும் பொது என்று நம்பி வளர்ந்தவன் நான். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன். மருந்து, கணக்கு, சட்டம், வரலாறு எதையும் பூட்டிவைக்கக் கூடாது. ஒரு சாதியார் இன்னொரு சாதியாரைப் படிக்கவிடாமல் வைத்த கதை நமக்குத் தெரியும். அது பலமுள்ளவன் பலமற்றவனுக்குப் போட்ட பூட்டு. இங்கே பூட்டியிருப்பது யார்? நிலம், மொழி, குழந்தைகள் என்று ஒவ்வொன்றாகப் பறிகொடுத்தவர்கள். அவர்களிடம் மிஞ்சியதில் எதைத் தருவது என்று முடிவு செய்யும் உரிமையும் ஒன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க என்னால் முடியவில்லை.

காரில் திரும்பும்போது மகள் கேட்டாள்: "அந்த முட்டைக் கதைய நெட்ல தேடலாமாப்பா?" தேடலாம், ஏதாவது கிடைக்கக்கூடச் செய்யலாம் என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். "வேணாம். அவங்களே சொன்னா கேட்டுக்கலாம்" என்றாள்.

நோட்டில் கட்டா ஜூட்டாவுக்கென்று ஒதுக்கிய பக்கங்களில் இப்போது இருப்பது இவ்வளவுதான்: 36 குவிமாடங்கள், 7.4 கிலோமீட்டர், காற்று பலம். அந்தப் புத்தகத்தை நான் வாங்கவில்லை.